சிங்கத்தின் கழுத்தில் ஒரு கோடு

"ஆறு வருசம் சிங்கப்பூர்ல இருந்திருக்கீங்க. அந்தச் சிங்கச் சிலையைக்கூடவா பாக்கல தம்பி?"

சடையாண்டி கேட்டதும் கூடத்தில் இருந்த எல்லோரும் செழியனைப் பார்த்தார்கள். தொப்பம்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்திருக்கும் மாப்பிள்ளை அவன். பக்கத்தில் அவன் அம்மா.

"இல்லீங்க," என்றான் செழியன்.

"கடலுக்கு மேல கேபிள் கார் போகுமே, அதுல?"

"போனதில்லீங்க."

"மாடி மாதிரி ஒசந்த ராட்டினம் ஒண்ணு இருக்காமே?"

"லாரியில போறப்ப தூரத்துல தெரியுங்க. எனக்குக் கப்பல் பட்டறையில வேலைங்க. காலையில லாரியில ஏத்திட்டுப் போவாங்க, பொழுது சாஞ்சு கொண்டாந்து விடுவாங்க. ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம். எப்பவாச்சும் லீவு கெடைச்சா தேக்கா கடைவீதிக்குப் போயி மளிகை வாங்குவோம். அவ்வளவுதானுங்க."

சடையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பெண்ணுக்குத் தாய்மாமன். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கடை. மல்லிகைக் கூடையை மோந்து பார்த்தே நேற்றுப் பறித்ததா, இன்று பறித்ததா என்று சொல்லிவிடுவார். மனிதர்களையும் அப்படியே கண்டுபிடித்துவிடலாம் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"எங்க மாப்ள அங்க பதினாலு வருசம் இருந்தவரு. அவரு பாக்காத எடமே கெடையாது. அந்தா, படத்தைப் பாருங்க."

சுவரில் பெண்ணின் அப்பா உடையப்பன் நாற்பது வயதில் கறுப்புக் கண்ணாடி போட்டு, சட்டையை இன் பண்ணி நின்றார். முதுகுக்குப் பின்னால் சிங்கம் வாயிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. சிங்கத்தின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

"அந்தக் கோடுதான் கேபிள் கார் கம்பி," என்றாள் உடையப்பன் மனைவி அய்யம்மாள். "இவுக அதுல நாலு தடவை போயிருக்காக. கீழ கப்பலெல்லாம் தீப்பெட்டி மாதிரி தெரியுமாம். ஒரு தடவை காத்தடிச்சு ஆடவும், கொலசாமியெல்லாம் கூப்ட்டாகளாம்!"

இந்தத் தெருவில் அந்தக் கதையைக் கேட்காத ஆள் கிடையாது. அய்யம்மாளுக்கு மட்டும் அது இன்னும் அலுக்கவில்லை.

செழியன் எழுந்து போய்ப் படத்தைப் பார்த்தான். செத்த நேரம் அதையே பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். உடையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்த உள்ள வாங்க மாப்ள," என்று உடையப்பனைக் கூப்பிட்டுக்கொண்டு எழுந்தார் சடையாண்டி. அய்யம்மாளும் பின்னால் போனாள்.

அடுப்படியில் இளவேனில் நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தோரு வயது. இது பதினாலாவது வரன். முன்னால் வந்த பதிமூன்று பேரும் கேசரியைத் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்றோம்" என்று போனவர்கள். இவன் ஒருத்தன்தான் அவளோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசினான். "உங்களுக்கு என்னைப் புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் ஒரு பயல் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"அப்பா, இவரைப் புடிச்சிருக்குப்பா," என்றாள் இளவேனில்.

"அட நீ சும்மா இரு தாயி," என்றார் சடையாண்டி. "இவன் சிங்கப்பூரும் போகல, ஒரு மண்ணுக்கும் போகல. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருந்துட்டு இங்க வந்து கதை விடுறான்."

"அங்க வேலை பாத்த கம்பெனி கார்டெல்லாம் காட்டுனாரே மாமா?" என்றாள் இளவேனில்.

"கார்டு! பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல குடுத்தா அரை மணி நேரத்துல அடிச்சுக் குடுப்பான். மாப்ள, நீங்க சொல்லுங்க. அங்கயே கெடந்த ஆளு நீங்க. ஆறு வருசம் இருந்தவன் ஒண்ணத்தையும் பாக்காம வருவானா?"

அய்யம்மாளும் அவரைப் பார்த்தாள். இளவேனில் அவர் வாயையே பார்த்தாள். வருவான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் கல்யாணம் நடந்துவிடும்.

உடையப்பன் கூடத்துச் சுவரில் இருந்த படத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"வர மாட்டான் மச்சான்," என்றார்.

இளவேனில் கேசரித் தட்டை மூடி வைத்தாள்.

சடையாண்டி கூடத்துக்குப் போய், "ஜாதகத்தை இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றோம்," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது? செழியனின் அம்மா கொண்டுவந்த பூவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறிவிட்டாள். பாவம், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மரியாதைக்கு உடையப்பன் வாசல்வரை வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே செழியன் குரலைத் தாழ்த்தினான்.

"அது கேபிள் கார் கம்பி இல்லீங்க மாமா. தேக்காவுல போட்டோக் கடைக்காரரு சிங்கத்தை வரைஞ்சு பின்னால தொங்கவிடுற திரையோட மடிப்பு. ஒட்டுப்போட்டு இன்னமும் அதையேதான் வச்சிருக்காருங்க, என்னையும் அதுக்கு முன்னால நிக்கச் சொன்னாரு. நீங்களும் என்னையாட்ட லாரியில போயி லாரியில வந்தவருதானுங்களே. அத்தை அவ்வளவு சந்தோசமாச் சொன்னாங்க, அவங்க முன்னால போட்டு உடைக்க மனசு வரலீங்க."

ஆட்டோ தெருமுனை திரும்பியது. கதவைப் பிடித்துக்கொண்டு இளவேனில் நின்றாள். அவளுக்குப் பின்னாலிருந்து சடையாண்டி குரல் கொடுத்தார்.

"என்ன மாப்ள, போற போக்குல என்னமோ சொல்லிட்டுப் போறான்?"

உடையப்பன் மகளைப் பார்க்காமல் சொன்னார்: "ஒண்ணுமில்ல மச்சான். திருப்பூர் பஸ் எங்க நிக்கும்னு கேட்டான்."