டிரைவரைக் காணோம்

டிரைவரைக் காணோம் என்றால் டிரைவரைத்தானே தேட வேண்டும், இவர் ஏன் காகிதத்தைத் தேடுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மேனேஜர் இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடினார். "லெட்டர்ஹெட் இங்கதான் வச்சேன்... வெள்ளைப் பேப்பர்ல அடிச்சா டிஸ்மிஸ் ஆர்டருக்கு ஒரு மரியாதை இருக்காதும்மா. நீங்க பாருங்க, பாருங்க."

அவள் படியேறி வந்து கதவைத் தட்டியதுமே, "வந்துட்டீங்களா! உங்க கம்பெனிக்குக் காலைலேர்ந்து நாலு போன் போட்டுட்டேன்" என்று தன் நாற்காலியையே அவளுக்கு இழுத்துப் போட்டிருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் பாஸ்வேர்ட் எழுதிய சீட்டு கைக்கு வந்துவிட்டது.

பள்ளி வேன்கள் ஓட்டும் நிறுவனம் அது. திரையில் பத்து வேன்களுக்குப் பத்து வரிகள். ஒன்பது வரிகளில் பெயரும் புகைப்படமும் இருந்தன. ஒன்பதும் மீசை முகங்கள். பத்தாவது வரியில் படத்துக்குப் பதில் ஒரு சாம்பல் நிறக் கட்டம். பக்கத்தில் சிவப்பு எழுத்தில், 'குட் நாட் ஃபைண்ட் டிரைவர்.'

"பாத்தீங்களா? திங்கக்கிழமையிலேர்ந்து டிரைவரைக் காணோம். மூணு நாள் ஆப்சென்ட் போட்டு, ஷெட் சுவத்துல மெமோவும் ஒட்டியாச்சு. மத்தியானம் வண்டிச் சாவியையும் ஷெட்லேர்ந்து வரவழைச்சு வச்சுட்டேன். ஆளை வீட்டுக்கு அனுப்பலாம்னா, ஆர்டர்ல பேரு விழ மாட்டேங்குது. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது."

பத்து என்று எழுதிய அந்தச் சாவி, காகிதங்கள் பறக்காமலிருக்க மேசையின் மேல் பாரமாக வைக்கப்பட்டிருந்தது.

"மூணு நாளா பத்தாம் நம்பர் வண்டி போகலையா சார்?"

"வண்டி போச்சே! ஒரு பிள்ளைகூட லேட் இல்ல. டிரைவரைத்தான் காணோம்."

"டிரைவர் இல்லாம வண்டி எப்படி சார் போகும்?"

"அதைத்தான் அந்த ஆளைக் கேக்கணும்னு இருக்கேன். குடிகாரனா இருப்பான்."

"நேர்ல பாத்திருக்கீங்களா?"

"நான் இங்க வந்தே ஒரு மாசம்தான். டிரைவருங்க ஷெட்டோட சரி. எனக்கு மூட்டு வலி. காலைல படியேறினா சாயந்தரம்தான் இறங்குவேன்."

அவள் விசைப்பலகையை அருகில் இழுத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை இந்தக் கம்ப்யூட்டரை மாத்தினீங்களா?"

"ஆமா. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"பழைய வண்டி ஒம்பதும் பழைய ஃபைல்ல இருக்கு. பத்தாவது மட்டும் புது டேட்டாபேஸ்ல இருக்கு. அதோட பேசறதுக்கு ஒரு லைப்ரரி வேணும். புதுக் கம்ப்யூட்டர்ல அதை யாரும் போடல. அந்த லைப்ரரிக்குத்தான் சார் டிரைவர்னு பேரு. அதைக் காணோம்னுதான் சொல்லுது. ஆளை இல்ல."

மேனேஜர் யோசித்தார். "வேன் கம்பெனிக்கு எதுக்கும்மா லைப்ரரி?"

அவள் முதலில் இறக்கிய லைப்ரரி பதிப்பு பொருந்தாமல் நின்றுவிட்டது. இரண்டாவது பொருந்தியது. ஆனாலும் அதே சிவப்பு எழுத்து.

"பாத்தீங்களா, சொன்னதையேதான் சொல்லுது. மிஷின் பொய் சொல்லுமா?"

அவள் செட்டிங்ஸ் கோப்பைத் திறந்தாள். லைப்ரரியை அழைக்கும் வரி அங்கே இருக்கத்தான் செய்தது. அதன் முன்னால் ஒரு அரைப்புள்ளி. அரைப்புள்ளி வைத்த வரியை இயந்திரம் படிக்காது, தாண்டிப் போய்விடும். ஆறு வருடத்தில் இப்படி எத்தனையோ அரைப்புள்ளிகளை நீக்கியிருக்கிறாள். அப்போதெல்லாம் தோன்றாத ஒன்று இன்று தோன்றியது. வரி எழுத்துப் பிசகாமல் தன் இடத்தில்தான் இருக்கிறது. இருக்கிறேன் என்று அது யாரிடம் போய்ச் சொல்லும்?

அரைப்புள்ளியை அழித்தாள்.

"சார், இது சரியாயிட்டா அந்த ஆப்சென்ட் தப்புன்னு ஆயிடுது. மெமோவைக் கிழிச்சிடலாமே?"

"கிழிக்கறதா? நம்பர் போட்டு ஹெட் ஆபீசுக்கு நகல் போயாச்சும்மா. இப்போ போய் லைப்ரரியைக் காணோம்னு சொன்னா என் மானம் கப்பலேறிடும். ஒருத்தன் போனா ஒம்பது பேர் வருவான்."

"விரும்பி வந்த வேலையா இருக்கலாம் சார்."

"வேன் ஓட்டறதா?" மேனேஜர் சிரித்தார். "ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்கற உங்களுக்கு டிரைவருங்களைப் பத்தி என்னம்மா தெரியும்?"

ஏசி அறையில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த அந்த ஆறு வருடம் அவள் நினைவில் வந்து போனது. புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள்.

லெட்டர்ஹெட் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. மேனேஜர் திரைக்கு முதுகைக் காட்டி, அதைப் பிரிண்டரில் செருகிக்கொண்டிருந்தார்.

"பேரு வந்துச்சா?"

"வந்துடுச்சு சார்."

"அப்போ பிரிண்ட் குடுங்க."

அவள் எழுந்தாள். காகிதங்களின் மேலிருந்த சாவியை எடுத்துக்கொண்டாள்.

"குடுக்க மாட்டேன் சார்" என்றாள், குரலை உயர்த்தாமல். "மூணரைக்கு ஸ்கூல் விட்டுடும்."

பாரம் போன காகிதங்கள் பறந்தன. குனிந்து பொறுக்கிக்கொண்டு மேனேஜர் நிமிர்ந்தபோது கதவு மூடிக்கொண்டிருந்தது. திரையின் பத்தாவது வரியில், மீசையில்லாமல், அவள் இருந்தாள்.