அக்காவின் பேச்சு

இன்பாவுக்குப் பிறவியிலேயே, நோய் எதிர்ப்பை முடுக்கிவிடும் ரத்த அணுக்களான டி செல்கள் இல்லை. ஊர்க் கிருமி எதுவும் அண்டாமல் பூட்டிய அறைக்குள்ளேயே வளர்ந்தாள். அக்கா யாழினியின் எலும்பு மஜ்ஜையை ஏற்றி, சில மாதம் கழித்துத் தடுப்பூசி போட்டிருந்தார்கள். இன்று டாக்டர் சகீனா போன் செய்தார்.

"தடுப்பூசிக்கு ஆன்டிபாடி வந்திருச்சும்மா!"

"பெரியவளோடதா டாக்டர்?" என்றாள் அம்மா கோதை.

"இல்ல, சின்னவளே செஞ்சது. ஆன்டிபாடி செய்யிற அவளோட பி செல்லுங்க சும்மாவே உட்கார்ந்திருந்துச்சு, கிளப்பிவிட ஆளில்லாம. இப்ப அக்காவோட டி செல் போய்ச் சொன்னதும் வேலைய ஆரம்பிச்சிருச்சு. வெளிய விடுங்க."

"அப்பாடா, உள்ளுக்குள்ளயாவது என் பேச்சக் கேக்குறாளே!" என்றாள், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த யாழினி.

கோதை கதவைத் திறந்தாள். இன்பா மழைத்தண்ணீர் தேங்கிய வாசலில் இறங்கி, "அக்கா, வா!" என்று குதித்தாள். பழக்கத்தில் சானிடைசரை எடுத்த கோதையின் கை, பாதி வழியில் அப்படியே நின்றது.