பொன்விழி

மருந்துக்கடையில் மருந்தாளுநரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டு, பேசும் கண்ணாடி ஒன்றை வைத்திருந்தார்கள். கண்ணின் நிறம் பார்த்து, இமையில் பூசும் ஐஷேடோ சொல்வது அதன் வேலை. மருந்துக்கும் இனி அதைத்தான் கேட்க வேண்டும். வாந்தியில் துவண்டிருந்த மனைவி பிலோமினாவை அதன் முன் நிறுத்தினார் இருதயராஜ்.

“அரிய பொன்விழிகள். ஊதா ஐஷேடோ பொருந்தும்,” என்றது கண்ணாடி.

“நாலு நாளா பச்சத்தண்ணி தங்கல, அழகா இருக்கேனாம்,” என்றாள் பிலோமினா.

“கூறுகெட்ட கண்ணாடி, அது மஞ்சக்காமாலை,” என்றார் இருதயராஜ்.

“இன்று உங்கள் தெருவிலிருந்து பதினான்காவது பொன்விழி. ஊதாவுக்குப் பாதி விலை.”

“பதினாலு பேரா? ஒருத்தரையாவது ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னியா?” என்றார் இருதயராஜ்.

கண்ணாடி உடனே பதில் சொன்னது.

“ஆஸ்பத்திரிச் சுவர் வெளிர்பச்சை. அதற்கும் ஊதாதான் எடுப்பாக இருக்கும்.”