ஊதாக் கோடு

புதியது என்று முத்திரை குத்திய பெட்டியைத் திறந்த மெக்கானிக் அருளப்பனின் கை அப்படியே நின்றது. உள்ளே மீட்பு ஹெலிகாப்டரின் இறக்கையைப் பிடித்திருக்கும் தண்டு. அதன் நட்டின் மேல் ஓர் ஊதாக் கோடு.

நட்டை முடுக்கியதும் தண்டையும் சேர்த்து ஒரு கோடு இழுப்பார்கள். நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். எல்லோரும் இழுப்பது சிவப்பில். சிவப்பு தீர்ந்துபோயிருந்த ஒரு காலையில் விமானி மதுவந்தி தன் ஊதா நகப்பூச்சை நீட்டினாள்.

"இதுல போடுங்கண்ணே, லேட்டாவுது."

அன்று கடலில் கவிழ்ந்த படகைத் தேடிப் போனவள் திரும்பவில்லை. பதினொரு நாள் தேடியும் கடலில் ஒரு துண்டுகூட அகப்படவில்லை என்றார்கள். அருளப்பன் முடுக்கிய நட்டுதான் கழன்றிருக்கும் என்று விசாரணையை முடித்தார்கள். இரண்டு வருடமாக மதுவந்தியின் அம்மா அவர் முகத்தில் விழிப்பதில்லை.

"கையெழுத்துப் போடுங்கண்ணே, மெஷின் காத்துக்கிட்டு நிக்குது," என்றார் ஸ்டோர்கீப்பர் தவமணி.

அருளப்பன் கோட்டின் மேல் நகத்தை ஓட்டினார். எங்கும் உடையவில்லை. நட்டின் இடுக்கில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

"தவமணி," என்றார் மெதுவாக. "இத எடுத்தவன் அந்தப் பிள்ளைய என்ன செஞ்சான்?"