நம்பத்தகுந்த வட்டாரம்

"அந்தப் பட்டியலை உங்களுக்குக் கொடுத்தது யாரு? பேரைச் சொன்னா பதவி உங்களுக்கு. சொல்லலைன்னா நாங்க எழுத வேண்டியதை எழுதிக்கிறோம்."

பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஆசிய அரசியலைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயர். தேர்வுக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

எதிரே இருந்தவர் முப்பது வருஷம் வெளிநாட்டு நிருபராக அலைந்தவர். நாலு புத்தகம் எழுதியிருக்கிறார். வயசான காலத்தில் பல்கலைக்கழகத்தில் கௌரவப் பேராசிரியர் பதவிக்கு வந்திருந்தார்.

அவருடைய பெயரை ஊருக்கே தெரிய வைத்தது ஒரே ஒரு செய்தி. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், பக்கத்து நாட்டு ராணுவ அரசாங்கம், "நாங்கள் ஒரு மாணவனைக்கூடப் பிடிக்கவில்லை" என்று சாதித்துக்கொண்டிருந்தது. ரகசியச் சிறையில் கிடந்த நாற்பத்தொரு பேரின் பெயர்களையும் இவர் பத்திரிகையில் போட்டார். நாலா பக்கமும் கேள்வி கிளம்பியது. வேறு வழியில்லாமல் அத்தனை பேரையும் விட்டார்கள்.

"நம்பத்தகுந்த வட்டாரம்னு போட்டிருக்கீங்க. எது சார் அந்த வட்டாரம்? ஏதோ ஒரு உளவுக்காரன் கொடுத்தான், நீங்க போட்டீங்க. அதுக்குப் பேரு நிருபர் இல்ல, தபால்காரர்!"

குழுவில் இருந்த இன்னொருவர் களுக்கென்று சிரித்தார்.

"உளவுக்காரங்க இல்லைங்க" என்றார் நிருபர்.

"அப்ப யாரு?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அந்த ராணுவ ஆட்சியே ஒழிஞ்சு பதினஞ்சு வருஷம் ஆச்சு. இப்பச் சொன்னா யார் தலை போயிடும்?"

"தலை ஒண்ணும் போகாது."

"பின்னே?"

நிருபர் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பேராசிரியருக்கு ஒரே எரிச்சல். அந்த நாட்டைப் பற்றி மூன்று தடித் தடிப் புத்தகம் எழுதியவர் அவர். அங்கே காலே வைத்ததில்லை என்பது வேறு விஷயம். இந்த ஆளோ, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுத்தியதை எல்லாம் ஆராய்ச்சி என்கிறான்!

"யார் காதுல சார் பூ சுத்துறீங்க?" என்றபடி பேனாவை எடுத்தார். 'நம்பகத்தன்மை இல்லாதவர். உளவாளிகளுடன் தொடர்பு இருந்திருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினார்.

நிருபரின் முகம் செத்துப்போனது. மெல்ல எழுந்தார். கதவருகே போனவர் திரும்பி, "வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்றார்.

"காரியம் கெட்டப்புறம் குசலம் விசாரிக்குது பாருங்க" என்று சிரித்தார் பேராசிரியர்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் நடந்ததை நடித்தே காட்டினார். நிருபர் குனிந்து உட்கார்ந்திருந்த விதத்தைக்கூட விடவில்லை.

மனைவியின் கை அப்படியே நின்றது.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு! இனிமே ஒரு வாசல்லயும் அவனைச் சேர்க்க மாட்டாங்க."

"யார் கொடுத்தாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லலையா அவரு?"

"இருந்தாத்தானே சொல்றதுக்கு!"

"ஏங்க, கல்யாணத்துக்கு முன்னாடி நான் எங்க வேலை பார்த்தேன்?"

"அந்த நாட்டுத் தூதரகத்துல, டைப்பிஸ்டா. அதுக்கென்ன இப்ப?"

"இங்க இருக்கிற இவங்க சொந்தக்காரங்க யாராவது வந்து கேட்டா தெரியாதுன்னு சொல்லி அனுப்பணும்னு, அங்கேருந்து ஒரு பட்டியல் வந்துது. நாற்பத்தொரு பேர். நான்தான் டைப் அடிச்சேன். கார்பன் காப்பியைக் கொண்டுபோய் அவர் கையில கொடுத்ததும் நான்தான்."

பேராசிரியர் தொப்பென்று சோபாவில் உட்கார்ந்தார். "நீயா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

அவள் மடித்த துணியை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"அப்ப நமக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்துது. 'வரப்போற மாப்பிள்ளை பயந்தாங்கொள்ளி, தெரிஞ்சா கல்யாணமே வேணாம்னு ஓடிடுவார். யார்கிட்ட சொன்னாலும் அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு நான்தான் அந்த நிருபர்கிட்ட சத்தியம் வாங்கினேன்."