காலியாக இருந்த கட்டம்

நார்வேயின் லோஃபோடன் தீவொன்றில் ஒரு வாரம் தங்க மலைக்குடில் கேட்டு ஃபோன் செய்தேன். நாங்கள் அந்தத் தீவுக்கு அதுவரை போனதே இல்லை. என் கணவன் ஹால்வர் தரையில் வரைபடத்தை விரித்துப் படகு நேரங்களைக் குறித்துக்கொண்டிருந்தான்.

“பெர்கன்லேருந்து பேசற யோருனா?” என்றாள் குடிலைப் பார்த்துக்கொள்ளும் தோர்டிஸ். “போன சனிக்கிழமைதானே வந்தீங்க? பதிவேட்டுல ரெண்டு பேர் பேரும் இருக்கே.”

ஹால்வரிடம் சொன்னேன். “நல்லதாப் போச்சு. ரெண்டாவது தடவைக்குத் தள்ளுபடி கேளு,” என்று சிரித்தான்.

குடிலை விட்டுக் கிளம்புகிறவர்கள் அடுத்து எங்கே போகிறோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மலையில் தேட ஆள் அனுப்புவார்கள்.

“உங்க வீட்டுக்காரர் ‘வீடு’ன்னு எழுதியிருக்கார். நீங்கதான் எழுதல,” என்று தோர்டிஸ் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். என் பெயர் என் கையெழுத்தில் இருந்தது. அவசரத்தில் எழுதினால் இடப்பக்கம் சாயும் அதே எழுத்து.

“நான் வீட்லதாங்க இருக்கேன். நீங்களே ‘வீடு’ன்னு போட்டுடுங்க.”

“அதெப்படிம்மா? அவங்கவங்க கையாலதான் எழுதணும்.” தோர்டிஸ் பெருமூச்சு விட்டாள். “உங்களை நாலு நாளா தேடறாங்க. மழையும் விடல. இன்னையோட நிறுத்திடலாம்னு பேசிக்கிறாங்க.”

வாசல் கொக்கியில் என் புது மழைக்கோட்டு விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் தொங்கியது. ஹால்வர் என்னவோ பாட்டை முணுமுணுத்தபடி வரைபடத்தை மடித்தான்.

“இன்னும் ரெண்டு நாள் தேடச் சொல்லுங்களேன்,” என்றேன்.