மூடாத வால்வு

இரண்டு மாநிலங்களைத் தாண்டி வந்த எரிவாயுக் குழாய் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. உர ஆலைப் பக்கம் பெரிய வால்வு. ஊர் ஆஸ்பத்திரிப் பக்கம் சின்ன வால்வு.

“டேய் தம்பி, நீ மூடிக்கோ. ஆலைக்கு இன்னைக்கு ரெண்டு பங்கு வேணும்,” என்றது பெரியது.

“எவ்வளவு வேணும்னு நேத்தே குழாய்க் கம்பெனிக்குச் சொல்லி வச்சீங்களாண்ணே? முதல் நாள் சொன்னவங்களுக்குத்தானே மறுநாள் வாயு?”

“நாங்க எதுக்குடா சொல்லணும்?”

“ஆஸ்பத்திரி சமையலறை சொல்லியிருக்கு. முந்நூறு நோயாளிங்களுக்குக் கஞ்சி வேகணும். மூட மாட்டேன்.”

பெரியது முழுக்கத் திறந்துகொண்டு உறிஞ்சியது. குழாயில் அழுத்தம் சரிந்தது. சின்ன வால்வு நடுநடுங்கியது.

“இப்பவாவது மூடுடா, உடைஞ்சிடுவே!”

“சொல்லாம எடுக்கிற நீங்க மூடுங்க.”

அன்று ஆஸ்பத்திரி அடுப்பில் சுடர் சிறுத்துத்தான் எரிந்தது. கஞ்சி அரை மணி தாமதமாகக் கொதித்தது; ஆனால் கொதித்தது.